தெற்கு ரூட்டில் கடைசிப் பெயர்

சின்னமனூர் வட்டாரத்தில் தோட்டம் துரவு வைத்திருக்கிற சம்சாரிகளில் பாண்டீஸ்வரனைத் தெரியாதவர் கிடையாது. சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன். வாழையோ திராட்சையோ தென்னையோ, தோட்டத்து வரப்பில் நின்று கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தான் என்றால், மெயின் லைன் எங்கே ஓட வேண்டும், வால்வு எங்கே உட்கார வேண்டும் என்று மனசுக்குள்ளேயே படம் போட்டுவிடுவான். தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறதி இருக்கிறதே, அப்படி ஒரு மறதி! சீலையம்பட்டியில் ஒரு தோட்டத்து வால்வைக் கழற்றிக் கையில் பிடித்தவன், அதை அப்படியே பைக்கில் வைத்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டான். கல்யாணமான புதிதில் பொண்டாட்டி தேவயானியைத் தேனி பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, பைப் லோடு வந்துவிட்டதென்று லாரியில் ஏறித் தனியாக ஊர் வந்து சேர்ந்தவன் அவன். அந்தக் கதையை அவள் இன்னும் விடவில்லை. விடவும் கூடாது.

நான் ஞானதுரை. மெயின் ரோட்டில் அவன் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. செல்போன் விற்பனை, ரீசார்ஜ், ரிப்பேர். அவன் மறதியின் பாரம் முழுவதையும் சுமந்தவன் நான்தான். அவன் கடைச் சாவி என் மேஜையில் கிடக்கும். அவனைத் தேடி வருகிறவர்கள் என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் பேப்பரைப் படித்து, என் கணக்கில் டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஆகவே 2009இல், முகம் முழுக்க எழுத்துப் பட்டனாக ஒரு போன் செகண்ட் ஹேண்டில் என் கைக்கு வந்தபோது, இது இவனுக்கென்றே வந்தது என்று தோன்றியது. குறிப்பு எழுதுவதற்கென்று அதில் ஒரு சாப்ட்வேர் இருந்தது. செய்ய வேண்டிய வேலையை எழுதலாம். தலைப்பு வாரியாகப் பிரித்து வைக்கலாம். முடித்தால் டிக் அடிக்கலாம். நேரம் வந்தால் அதுவே கீச்சென்று கத்தி ஞாபகப்படுத்தும்.

என் வீட்டுக்காரி சுகிர்தம் அன்றைக்கே சொன்னாள்: "அந்த மனுசன் மறந்தாலும் நிம்மதியா இருக்காரு. கெடுத்து விட்றாதீக." நான் கேட்கவில்லை. அவள் சொன்னதை நான் எப்போதும் பிறகுதான் கேட்பேன்.

போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் பாண்டீஸ்வரன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட ஆரம்பித்தான். முதல் வாரம் ஒரு விரல், அடுத்த வாரம் இரண்டு கட்டைவிரல். அதுவரை "உத்தமபாளையத்துல ஒரு தோட்டம் இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், "உத்தமபாளையம் புராஜெக்ட்" என்று சொல்ல ஆரம்பித்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், தொழில் சீராகிவிட்டது. வால்வு வீட்டுக்கு வருவது நின்றது. சம்சாரிகள் என் ஸ்டூலை விட்டு எழுந்தார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கிறவனா அவன்? போனோடு வீட்டுக்குள் புகுந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவயானி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் கீச்சிட்டிருக்கிறது. இவன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, "ம், சொல்லு" என்றிருக்கிறான்.

"என்னத்தச் சொல்ல?"

"ஏதாச்சும் சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

அவள் சந்தேகப்பட்டு, சோப்புக் கையோடு போனைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கேஸ் புக் பண்ண. தேவயானிகிட்டப் பேச. தொழுஉரம் ரெண்டு லோடு சொல்ல. இந்த வரிசையில் இருந்தது. நடுவில் இருந்தது வாரா வாரம் தானாக வருகிற மாதிரி போட்டு வைத்திருந்தான்.

அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, கேஸுக்கும் எருவுக்கும் நடுவுல என்னைய வச்சிருக்காரு. இதுக்குத்தான் போனு வித்தீகளா?"

"பேசணும்னு நினைக்கிறானே, அதப் பாரும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நான் எதுவும் பேசலண்ணாச்சி. ஆனா பேசியாச்சுன்னு டிக் அடிச்சுட்டாரு."

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அபிதாவின் காதுகுத்து வந்தது. அபிதா அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஐந்து வயசு நடந்துகொண்டிருந்தது. குலசாமி கோயில் தேவதானப்பட்டிக்கு அந்தப் பக்கம். அங்கே வைத்து மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டி விருந்து. பாண்டீஸ்வரன் போனில் புதிதாக ஒரு தலைப்பைத் திறந்து, "அபி காதுகுத்து புராஜெக்ட்" என்று தட்டினான். பந்தல், சமையல், ஆசாரி, மேளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை. "இந்த விசேஷத்துல ஒண்ணுகூட விட்டுப்போகாது அண்ணாச்சி. எல்லாம் உள்ள இருக்கு" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

தேவயானிக்கு அந்த விசேஷத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவள் அண்ணன் ஒச்சாண்டியின் மடி. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தேவயானிக்குத் தாயும் தகப்பனும் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். வளர்த்துப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்ததெல்லாம் ஒச்சாண்டிதான். ஊர் மலையடிவாரத்து லோயர் கேம்ப். ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, கேரளா பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிவருவார். மருமகளுக்குக் காதுகுத்து என்று காதில் விழுந்த நாளிலிருந்து ஜீப்பில் அவருக்கு வேறு பேச்சில்லை. கம்பத்தில் கம்மல் செய்யக் கொடுத்துவிட்டார். செக்போஸ்ட்டில் நிற்கிற மலையாளத்துக்காரர்களிடம்கூடத் தன் மடியைத் தட்டிக்காட்டி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

அழைப்புக்கு ஒரு முறை இருக்கிறது. முதல் தாம்பூலம் குலசாமிக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய்த் தட்டை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகள். இது பாண்டீஸ்வரனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் போனுக்குத் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை சாமிக்குத் தாம்பூலம் வைக்கத் தனியாகத் தேவதானப்பட்டி போனான். வைத்தான், டிக் அடித்தான். திரும்பி வருகிற வழி முழுக்கச் சொந்தக்காரர்கள். பெரியகுளத்தில் இரண்டு வீடு, தேனியில் மூன்று வீடு. இன்னொரு தடவை எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும், பெட்ரோல் என்ன சும்மாவா வருகிறது என்று யோசித்து, அப்படியே அழைத்துக்கொண்டே வந்துவிட்டான். "தேவயானி வரலையா?" என்று கேட்டவர்களிடம், "அவளுக்கு வேற டாஸ்க் இருக்கு" என்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து வடக்கு ரூட், தெற்கு ரூட் என்று மீதியைப் பிரித்தான். வேலைக்குப் போகிற வழியில் வடக்கில் விட்டுப்போன வீடுகள் முடிந்தன. அப்புறம் உத்தமபாளையம் முடிந்தது. வியாழக்கிழமை கம்பம் முடிந்தது. அவள் எது கேட்டாலும் "எல்லாம் போன்ல இருக்கு, நீ கவலைப்படாத" என்பதுதான் பதில். சாமியை அழைத்தாயிற்று, அண்ணன் வீட்டுக்குத்தான் நல்ல நாள் பார்க்கிறார் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, "நாளைக்கு ஒங்க அண்ணன் வீடு. அதோட அழைப்பு வேலை முடிஞ்சுது" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

"அதோடயா?" என்று கேட்ட தேவயானி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எதற்கு நான் என்று கேட்டேன். "உங்க போனுதான அண்ணாச்சி" என்றாள். 

லோயர் கேம்ப்பில் ஒச்சாண்டி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அவர் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து கையைத் துடைத்தார். "வாங்க மாப்ள. வா தாயி. வாங்க அண்ணாச்சி" என்று முறையாகக் கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரி கருத்தம்மாள் காப்பி கொண்டுவந்தாள். எல்லாம் சரியாக நடந்தது, அதுதான் பயமாக இருந்தது. தேவயானி நீட்டிய தட்டை மட்டும் அவர் வாங்கவில்லை. அவள் அதை ஜீப்பின் பானெட் மேல் வைத்துவிட்டு நின்றாள். நம்ம ஆள் அந்த நேரத்திலும் மலையிலிருந்து பவர் ஹவுஸுக்கு இறங்குகிற ராட்சசக் குழாய்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

"கம்பத்துல நம்ம சொந்தக்காரன் ராக்கப்பன் வீட்டுக்குத் தாம்பூலம் வந்துருச்சாமே மாப்ள" என்றார் ஒச்சாண்டி மெதுவாக. "நேத்து ஜீப்புல வச்சுக் கேக்குறான், 'என்னப்பா, ஒன் மடிய இந்தத் தடவ வேற ஆளுக்கு விட்டாச்சா'ன்னு. ஜீப்பே சிரிச்சுச்சு. நான் வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தேன்."

பாண்டீஸ்வரன் காப்பியைக் கீழே வைத்தான். அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். இல்லை, விளக்கம் சொன்னான். "நீங்க தப்பா நினைச்சுட்டீக மச்சான். எல்லாத்தையும் ரூட்டுப்படி போட்டேன். தெற்கு ரூட்டுல நீங்கதான் கடைசி. இங்கனக்கு மேல ரோடு கேரளாவுக்குப் போயிருதுல்ல?"

அவன் சொன்னதில் பொய்யே கிடையாது. உண்மை இவ்வளவு கெடுதல் பண்ணி நான் பார்த்ததில்லை.

"அப்படியா! அதுல என் பேரு எங்கன இருக்கு, காட்டுங்க பாப்போம்."

வேண்டாமென்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் ஆர்வமாகப் போனை எடுத்துப் பட்டனை அழுத்த ஆரம்பித்தான். பந்தல் போனது. சமையல் போனது. வடக்கு ரூட் ஒவ்வொரு பெயராகப் போனது. ஒச்சாண்டி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை.  கடைசியில் வந்தது. "படிங்க" என்றார்.

"தெற்கு ரூட். டயர் காத்து. உத்தமபாளையம். கம்பம் ராக்கப்பன். கூடலூர்ல புளி. ஒச்சாண்டி மச்சான். குமுளி போனா ஏலக்காய் கால் கிலோ."

"ஏலக்காய்க்கு முந்தி இருக்கேனே! அதுவரைக்கும் சந்தோசம்" என்றார் ஒச்சாண்டி.  அப்புறம் தேவயானியைப் பார்த்து, "வர்றேன் தாயி. வராம இருப்பேனா? கூட்டத்தோட கூட்டமா வந்து பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போறேன். மடிக்கு, ரூட்டுல மொத வீட்டுக்காரன் எவனோ அவனக் கேளுங்க" என்றார்.

தேவயானி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப காதே குத்த வேண்டாம். எம்பிள்ள மூளிக் காதோடவே இருக்கட்டும்."

"கிடாய்க்குச் சொல்லியாச்சே தேவயானி..."

"சொன்னதெல்லாம் சொல்லலேன்னு வைங்க. கூப்பிட்டதெல்லாம் கூப்பிடலேன்னு வைங்க. சாமிக்கு வச்சது மட்டும் நிக்கட்டும். மீதிய இங்கன இருந்து ஆரம்பிங்க."

"எல்லாம் டிக் அடிச்சாச்சே!"

"எடுங்க."

அவன் என்னைப் பார்த்தான். பரிதாபமாக இருந்தது. "அடிச்ச டிக்க எடுக்க முடியுமா அண்ணாச்சி?"

"பேஷா எடுக்கலாம்" என்றேன்.

ஜீப்பின் படியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு டிக்காக எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் போன் 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. கம்பம் ராக்கப்பன், டொக். உத்தமபாளையம், டொக். தேனி, பெரியகுளம், டொக், டொக். ஒச்சாண்டி வாளியைப் பார்த்தபடி காதை மட்டும் இங்கே கொடுத்துக்கொண்டு நின்றார். ராக்கப்பன் பெயருக்கு வந்த டொக்கில் அவர் மீசை கொஞ்சம் அசைந்ததை நான் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும் தேவயானி பானெட்டிலிருந்து தட்டை எடுத்தாள். அவன் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து நீட்டினார்கள். "மன்னிச்சிருங்க மச்சான்" என்றான் அவன். அது போனில் இல்லாத வாக்கியம்.

ஒச்சாண்டி அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தங்கச்சி முகத்தையும் பார்த்தார். வாங்கிக்கொண்டார். "செரி. ஆனா ஒண்ணு மாப்ள. மத்த வீடுகளுக்கு என் ஜீப்புலதான் போறோம். நானும் வருவேன்" என்றார்.

வந்தார். வந்தாரா, ஊர்வலமே நடத்தினார்! கம்பத்திலிருந்து பெரியகுளம் வரைக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஜீப் ஹாரன் அடித்தது. "போன வாரந்தான தாம்பூலம் வச்சீக?" என்று கேட்டவர்களிடம் பாண்டீஸ்வரன், "அது சேராது. இதுதான் அழைப்பு" என்று சொல்லித் திரும்பவும் தட்டை நீட்டினான். கம்பத்தில் ராக்கப்பன் வீட்டு முன்னால் ஒச்சாண்டி வண்டியிலிருந்து இறங்கவேயில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே, "ஏலே ராக்கப்பா, இப்பத்தான்டா ஒனக்குத் தாம்பூலம்! நல்லா ரெண்டு கையையும் நீட்டி வாங்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போட்ட திட்டத்தில் பள்ளத்தாக்கு முழுவதையும் இரண்டு தடவை சுற்றியாயிற்று.

காதுகுத்து அன்று காலை கோயிலில் இறங்கியதுமே தேவயானி புருஷன் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இன்னிக்கு ஒரு நாளைக்கு இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. அவரு கண்ணால பாத்து வேலை செய்யட்டும்." அவன் கை அடிக்கடி வெறும் பைக்குள் போய்ப் போய் வந்தது. பாவம்தான், ஆனால் சிரிப்பாகவும் இருந்தது.

ஒச்சாண்டி புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அபிதா அவர் மடியில் உட்கார்ந்து, சுற்றியிருந்தவர்களை ராணி மாதிரி பார்த்தாள். ஆசாரி கம்பியை எடுத்தார். ஒரு அலறல்! சரியாக அப்போது என் பைக்குள் போன் கீச்சிட்டது. பதறி எடுத்துப் பார்த்தேன். நேரம் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறான், பாவி.

"அபி அழுதால்: சாக்லேட். ஜீப்பில் ஈரத் துணியில் சுற்றி இருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஈரத் துணிக்குள் உருகாமல் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அழுகை பாதியில் நின்றது. அடுத்த வரியைப் பார்த்தேன்.

"மச்சான் அழுதால்: புதுத் துண்டு. மஞ்சப்பை."

நிமிர்ந்து பார்த்தால், ஜீப் ஓட்டுகிற அந்தப் பெரிய மீசைக்காரர் மருமகளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருக்கிறார். மஞ்சப்பையில் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. நீட்டினேன். அவர் யார் கொடுத்தது என்றுகூடப் பார்க்காமல் வாங்கி முகத்தை மூடிக்கொண்டார். இவ்வளவையும் யோசித்து வைத்தவனையா அன்றைக்குத் தலையில் குட்ட நினைத்தேன் என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வரிக்குப் போனேன்.

"தேவயானி அழுதால்:"

அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கீழேயும் ஒன்றும் இல்லை.

தேவயானி கோயில் சுவரோரம் தனியாக நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். அவன் சமையல் பக்கம் அண்டாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் அவளிடம் போனைக் கொடுத்தேன். படித்தாள். மேலே இருந்த இரண்டு வரியையும் படித்துவிட்டு, திரும்பக் கீழே வந்து பார்த்தாள்.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் மூடியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். "என்ன, கறி பத்தலையா?"

அவள் திரையைக் காட்டினாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ரொம்ப யோசிச்சேன் தேவயானி. சாக்லேட்டு ஒனக்குப் பிடிக்காது. துண்டும் சரியா வராது. நீ அழுதா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. யாருகிட்டயாச்சும் கேட்டு எழுதுவோம்னு விட்டேன். மறந்துபோச்சு."

"என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

அவன் அவள் கையிலிருந்து போனை வாங்கிக் கட்டைவிரலைத் தயாராக வைத்தான்.

"பக்கத்துல வந்து நிக்கணும்னு எழுதுங்க" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். நின்னாப் போதும்."

அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் நிதானமாக எழுதினான். எழுதி முடித்ததும் நிமிர்ந்து, "இப்பத்தான் நிக்கிறேன்ல, டிக் அடிச்சிரட்டா?" என்று கேட்டான்.

"அடிச்சுப் பாருங்க" என்றாள்.

அவன் அடிக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கேயே நின்றான். பந்தியில் அன்றைக்கு நிஜமாகவே கறி பத்தாமல் போனது.